முதல் ஓட்டத்தின் நேரம்

சதுரங்கம் விளையாடும் கம்பியூட்டர் புரோகிராம்களுக்குப் பரீட்சை வைத்தவன் நான். இலங்கையில் தெரணியகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீமேக்கராக இருந்துகொண்டே அதைச் செய்தேன். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்பார்கள். அதை நடத்துகிறவன் டீமேக்கர். கொழுந்து எவ்வளவு நேரம் வாட வேண்டும், உருட்டிய இலை எவ்வளவு நேரம் கிடந்து பதமாக வேண்டும், எப்போது ட்ரையருக்குள் போக வேண்டும் என்று பார்ப்பதுதான் என் வேலை. ஆக, நேரம் பார்த்தே சம்பளம் வாங்கியவன் என்று என்னைச் சொல்லலாம். அந்தப் பெருமைதான் என் மகளுக்கு ஒரு நாள் கெடுதலாக முடிந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கொழும்பில் ஒரு பழைய கம்பியூட்டர் வாங்கி, சாக்குத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். யுத்த காலம், அவிசாவளைக்கு இந்தப் பக்கம் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய்ப் பையன் என் அடையாள அட்டையைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், இது எதற்கு என்று சிங்களத்தில் கேட்டான்.

"செஸ் செல்லங் கரன்ன, மஹத்தயா" என்றேன். செஸ் விளையாடத்தான் ஐயா என்று.

"தினனவத?" ஜெயிப்பீர்களா என்று கேட்டான்.

"நெஹெ. ஹெமதாம பரதினவா." இல்லை, எப்போதும் தோல்விதான் என்றேன். அவன் சிரித்துவிட்டு, பெட்டியைப் பஸ்ஸில் ஏற்ற ஒரு கை கொடுத்தான்.

பொய் சொல்லவில்லை. அந்த இயந்திரம் என்னைத் தோற்கடித்துக்கொண்டேதான் இருந்தது. தோற்கத் தோற்க எனக்கு வேறொரு ஆசை வந்தது. இவ்வளவு கெட்டிக்காரப் புரோகிராமுக்கு எது தெரியாது என்று பார்க்க வேண்டும். பழைய சதுரங்க இதழ்களிலிருந்தும் நான் தபாலில் விளையாடிய ஆட்டங்களிலிருந்தும் கடினமான நிலைகளைப் பொறுக்கினேன். இருபத்துநான்கு தேறியது. எல்லாமே கண்ணுக்கு எதிராக நடக்கும் நிலைகள். ஒன்றில் வெள்ளை தன் ராணியைக் கொடுத்துவிட்டு, அடுத்த நகர்வில் எதையும் வெட்டாமல், செக்கும் வைக்காமல், ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்கிவிட்டுச் சும்மா இருக்கும். ஏன் ஒதுக்கியது என்பது ஏழெட்டு நகர்வு கழித்துத்தான் புரியும். மனிதன் அதைப் பார்த்துக் கைதட்டுவான். புரோகிராம் திணறும்.

பரீட்சை இப்படித்தான். நிலையைக் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைத் தட்டுவேன். புரோகிராம் யோசிக்க யோசிக்க, இப்போதைக்கு எது சிறந்த நகர்வென்று நினைக்கிறதோ அது திரையில் மாறிக்கொண்டேயிருக்கும். சரியான நகர்வு வந்ததும் நேரத்தைக் குறிப்பேன். ஆனால் அதோடு விடமாட்டேன். சில புரோகிராம்கள் சரியானதைக் கண்டுபிடித்துவிட்டு, பிறகு பயந்து வேறொன்றுக்கு மாறிவிடும். அப்படி மாறினால் முதல் நேரம் செல்லாது. பத்து நிமிடம் முடியும்வரை அதிலேயே நிற்க வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் மூன்று ஓட்டம், மூன்றின் சராசரி. அளவையும் முறையையும் எழுதி, என்னைப்போலப் பைத்தியம் பிடித்த நாலைந்து பேருக்குத் தபாலில் அனுப்புவேன். அவர்களில் நெருக்கமானவர் றக்வானையில் இருந்த ஓய்வுபெற்ற சிங்களத் தபாலதிபர். தமிழ் நன்றாகப் பேசுவார். "டீமேக்கர் மஹத்தயா சொன்னா அதுதான் டைம். அதுக்கு மேல அப்பீல் இல்ல நே" என்று மற்றவர்களிடம் சொல்வாராம். இந்த ஒரு வாக்கியத்தில் நான் பல வருடம் மிதந்தேன்.

எங்கள் குவார்ட்டர்ஸ் ஸ்டோரை ஒட்டியே இருந்தது. மின்சாரமும் ஒரே லைன். ஸ்டோரில் வாட்டும் விசிறிகளையோ இலை உருட்டும் ரோலரையோ போட்டதும் வீட்டு பல்புகள் மஞ்சளாகும், கம்பியூட்டர் செத்துப்போகும். அதனால் விசிறி ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பரீட்சை வைப்பேன். அப்போதும் மழையில் மரம் விழுந்து கரண்ட் போய் வரும். இயந்திரம் எரிந்துவிடுமோ என்று, ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் அணைத்து, சிறிது நேரம் விட்டு, மறுபடி போடுவேன். இதை நான் ஒரு முறை என்று நினைத்துச் செய்யவில்லை. பயத்தில் செய்தேன்.

எங்களுக்கு ஒரே மகள். கணிதத்தில் அவள் எங்கோ உயரத்தில் இருந்தாள். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். எங்கள் தோட்டத்தில் அது அதுவரை நடந்ததில்லை. கம்பியூட்டர் விஞ்ஞானம் படித்தாள். ஆனால் சதுரங்கம் அவளுக்கு ஒத்துவரவேயில்லை. குதிரை எப்படிப் போகும் என்பது தெரியும், அவ்வளவுதான். கடைசி வருட ஆய்வுக்கு ஒரு சதுரங்கப் புரோகிராம் எழுதுகிறேன் என்று அவள் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன்.

"ஒனக்கு ஆடவே வராதே புள்ள."

"ரோலர் தேத்தண்ணி குடிக்குமா? ரோலர் செஞ்ச ஆளுக்குத் தேத்தண்ணி போடத் தெரிஞ்சிருக்கணும்னு சட்டமா?" என்றாள். அவள் அம்மா அடுப்படியிலிருந்து, "நல்லா கேளு, இன்னும் கேளு" என்றாள்.

அவள் எழுதிய புரோகிராமின் முதல் பதிப்பு ஃப்ளொப்பி டிஸ்க்கில் வந்தது. இருபத்துநான்கையும் நான்கு ஞாயிறுகளில் ஓட்டினேன். மெதுவாக இருந்தது, ஆனால் ஒழுங்காக இருந்தது. பிறகு அவள் தேடும் முறையில் ஏதோ ஒரு மாற்றம் செய்தாள். அந்த மாற்றத்தால் கடினமான நிலைகள் எவ்வளவு சீக்கிரம் விடுபடுகின்றன என்பதுதான் அவளுடைய ஆய்வு. அதாவது பழைய பதிப்பின் நேரம் ஒரு பக்கம், புதிய பதிப்பின் நேரம் மறுபக்கம். இரண்டையும் எடுத்துக் கொடுக்க வேண்டியவன் நான். அந்த ஆய்வில் நல்ல புள்ளி வந்தால் முதல் வகுப்பு. முதல் வகுப்பு வந்தால் அங்கேயே உதவி விரிவுரையாளர் வேலை. அவள் அதைத்தான் குறி வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் பேச்செல்லாம் அதுவாகவே இருந்தது.

இரண்டு பதிப்புகளுக்கும் இடையில் நான் ஒரு யூ.பீ.எஸ். வாங்கினேன். பெரிய பேட்டரிப் பெட்டி. இனி ஸ்டோரில் எதைப் போட்டாலும் கம்பியூட்டர் அணையாது. அந்த வருட ஆயுத பூசையன்று ஸ்டோர் ஆட்கள் ரோலருக்கு எலுமிச்சம்பழம் வைத்துச் சந்தனம் பூசிவிட்டு, வீட்டுக்கு வந்து யூ.பீ.எஸ்.ஸுக்கும் பொட்டு வைத்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. புதிய பதிப்பை அதில்தான் ஓட்டினேன். இப்போது எதையும் அணைக்க வேண்டியதில்லை. காலையில் போட்டுவிட்டு, புரோகிராமை மூடாமல், ஒவ்வொரு நிலையையும் மூன்று தரம் அடுத்தடுத்துக் கொடுத்தேன்.

முதல் நிலை. முதல் ஓட்டத்தில் நான்கு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. இரண்டாவது ஓட்டத்தில் சில விநாடி. மூன்றாவதிலும் அப்படியே. அடுத்த நிலையிலும் இதே கதை. பின்னால் வந்தவற்றில் பலதில் பாதியளவே குறைந்தது, ஆனால் எல்லாவற்றிலும் குறைந்தது.

அந்த இடத்தில் வேறு எவனாயிருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பான். நான் டீமேக்கர். காலையில் ட்ரையரைப் போட்டதும் முதலில் விழும் தேயிலை சரியாக இருக்காது. இரும்பு இன்னும் சூடேறியிருக்காது. அதைத் தனியாக ஒதுக்கிவிட்டு, சூடு நிலைத்தபின் விழுவதைத்தான் தேயிலையாகக் கணக்கெடுப்போம். இதை ஆயிரம் தடவை செய்த கை என்னுடையது. ஆகா, இந்த இயந்திரமும் சூடேறினால்தான் முழு வேகத்தில் ஓடும், இத்தனை நாள் அணைத்து அணைத்துப் போட்டதால் அதன் உண்மையான வேகம் தெரியவில்லை என்று முடிவு செய்தேன். முதல் ஓட்டங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, மற்ற இரண்டின் சராசரியை எழுதினேன். மொத்தத்தில் புதிய பதிப்பு மூன்று மடங்குக்கு மேல் வேகம் என்று வந்தது. என் கண்டுபிடிப்பை விளக்கி நண்பர்களுக்கு ஒரு கடிதமும் எழுதினேன். இயந்திரத்துக்கும் பதம் உண்டு என்று அதில் ஒரு வரி. இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

தோட்டத்து மேனேஜர் பெரிய தொரையிடம் சொன்னேன். டிஸ்பென்சரியில் சொன்னேன். என் மனைவி கோயிலில் சொன்னாள். மகள் ஆய்வின் அந்த அத்தியாயத்தை எழுதி முடித்தாள். அளவுகளை எடுத்தவர் என் தந்தை, இத்துறையில் நீண்ட அனுபவம் உள்ளவர் என்று ஒரு வாக்கியம் சேர்த்திருப்பதாகச் சொன்னாள்.

றக்வானைக்காரருக்கும் புதிய பதிப்பை அனுப்பியிருந்தேன். ஒரு நாள் ஸ்டோர் ஒஃபீஸ் டெலிபோனுக்குப் பேசினார்.

"மஹத்தயா, ஒங்க டைம் எனக்கு வரல்ல நே. ரொம்ப ஸ்லோ. ஒண்ணு ரெண்டுல பழசவிடவும் ஸ்லோ. ஒவ்வொரு தரமும் மூடிட்டுத்தான் ஓட்டுறேன்."

"ஒங்க மெஷின் பழசு."

"பழைய வெர்ஷனும் நான் இதே மெஷின்லதானே ஓட்டுனேன்? அதுல ஒங்க டைமுக்கும் என் டைமுக்கும் ஒரே கணக்கு வந்திச்சே."

"சூடேற விட்டீங்களா?"

"ஐயோ மஹத்தயா, இது என்ன, பேக்கரிப் போறணையா? பாண் சுடவா போறோம்?"

ஒஃபீஸில் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. முத்திரை குத்தின கைக்கு இதெல்லாம் விளங்காது என்று சொல்லிவிட்டேன். அவர் "ஹரி", சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

வீட்டுக்குப் போனதும் கம்பியூட்டரைப் போட்டேன். அரை மணி நேரம் ஓடவிட்டேன், பெட்டி கையில் சுடும்வரை. பிறகு புரோகிராமை மட்டும் மூடித் திறந்து ஒரு நிலையைக் கொடுத்தேன். நான்கு நிமிடத்துக்கு மேல். மூடாமல் திரும்பக் கொடுத்தேன். சில விநாடி. மூடித் திறந்தேன். மறுபடி நான்கு நிமிடம். பெட்டி சுட்டுக்கொண்டுதான் இருந்தது. சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தான் தேடிக் கண்டதையெல்லாம் புரோகிராம் ஒரு அட்டவணையில் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. இரண்டாம் தரம் அதே நிலையைக் கொடுத்தால் யோசிப்பதில்லை, பார்த்துச் சொல்கிறது. மூடினால் மறந்துவிடுகிறது. பழைய நாட்களில் எங்கள் கெட்ட கரண்ட்தான் என் பரீட்சையைச் சுத்தமாக வைத்திருந்தது. நான் ஒதுக்கித் தள்ளிய முதல் ஓட்டங்கள் மட்டுமே உண்மையான நேரங்கள்.

ஆய்வைக் கையளிக்க அப்போது இரண்டு வாரம் இருந்தது. எல்லாவற்றையும் திருப்பி ஓட்டி, சரியான நேரங்களைக் கொடுத்திருக்கலாம். அவள் அத்தியாயத்தை மாற்றி எழுத அது போதும். நான் சொல்லவில்லை. பெரிய தொரையிடம் போய் நான் பிழை விட்டேன் என்று சொல்வதை நினைத்தேன். றக்வானைக்காரர் சிரிப்பதை நினைத்தேன். எப்படியும் புரோகிராம் நல்ல புரோகிராம்தானே, யார் இதையெல்லாம் திரும்ப ஓட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த வாரம் மகள் டெலிபோனில் கேட்டாள்.

"அப்பா, இந்த டைம்ல ஒங்களுக்கு ஏதாச்சும் சந்தேகம் இருக்கா? எனக்கே நம்ப முடியல்ல, இவ்வளவு கூடிருக்கு."

"முப்பது வருஷமா ஸ்டோர் நடத்துறவன்கிட்ட நேரத்தப் பத்திக் கேக்குறியா?"

"இல்லப்பா. சும்மா கேட்டேன்."

மௌனமாக இருந்தது ஒரு குற்றம் என்றால், இது அதைவிடப் பெரியது. அவள் கேட்டாள், நான் அவளை அதட்டினேன்.

ஆய்வைக் கையளித்தாள். ஆய்வைப் பற்றிய நேர்முகத் தேர்வுக்கு முன் மூன்று நாள் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் பையை வைத்துவிட்டு, "ஒண்ணு ஓட்டிக் காட்டுங்க, பாக்க ஆசையா இருக்கு" என்றாள். என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. என் முறைப்படியே ஓட்டினேன். முதல் ஓட்டம் முடிந்தது. நான் எழுதவில்லை.

"அது ஏன் எழுதல்ல?"

"அது மெஷின் சூடேறுற ஓட்டம்" என்றேன். பொய் என்று தெரிந்தே சொன்னேன்.

இரண்டாவது ஓட்டத்தில் சில விநாடியிலேயே விடை வந்ததும் அவள் கையை வாயில் வைத்தாள். முதலில் சிரித்தாள். ட்ரையர் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாபக டேபிள அழிச்சிட்டு ஓட்டுங்கன்னு நான் ஒங்களுக்குச் சொல்லவே இல்ல. என் தப்பு."

விஷயம் என்னவென்று கேட்டறிந்த என் மனைவி, "ஏன் புள்ள, அவங்க அங்க கண்டுபுடிக்கவா போறாங்க? பேசாம இரு" என்றாள்.

"கண்டுபுடிக்காட்டிதான்மா மோசம். அடுத்த வருஷம் ஒருத்தன் வந்து இத நம்பி இதுக்கு மேல ஒண்ணு எழுதுவான்."

மூன்று நாளும் இருபத்துநான்கையும் திரும்ப ஓட்டினாள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மூடித் திறந்தாள். நான் பக்கத்தில் கடிகாரத்தோடு இருந்தேன். மூன்று மடங்கு கரைந்து போனது. பெரும்பாலான நிலைகளில் சற்றே வேகம், சிலவற்றில் பழையதைவிட மெது. ஒவ்வொரு மோசமான நேரத்தையும் அவள் நல்ல நேரத்தை எழுதுவது போலவே, அதே கையெழுத்தில், அதே அளவில் எழுதினாள். நல்ல பரீட்சகர்கள் சிலரை எனக்குத் தபால் வழியாகத் தெரியும். அவளைப்போல ஒருவரை நான் கண்டதில்லை. நிறைய நாள் என்னைப் பற்றியே அப்படி நினைத்திருந்தேன்.

நேர்முகத் தேர்வுக்கு நானும் கூடப் போனேன். வெளியே மரத்தடியில் இருந்தேன். அவள் வந்து நடந்ததைச் சொன்னாள். உள்ளே போனதும், அவர்கள் எதையும் கேட்கும் முன்பே, ஆய்வில் போட்ட நேரங்கள் பிழை என்று சொல்லிப் புதிய நேரங்களைக் கொடுத்திருக்கிறாள். யார் அளந்தது என்று ஒருவர் கேட்டாராம். "எங்கப்பா. எப்படி அளக்கணும்னு நான் அவருக்குச் சரியா சொல்லிக் கொடுக்கல்ல" என்றாளாம்.

திரும்பி வரும்போது கண்டி றோட்டில் பஸ் கேகாலையைத் தாண்டியபின் சொன்னேன். றக்வானை டெலிபோனிலிருந்து தொடங்கி, மூடித் திறந்து பார்த்தது, இரண்டு வாரம் இருந்தது, அவள் கேட்டபோது அதட்டியது, ஒன்றும் விடாமல். வரக்காப்பொலையில் பஸ் மாற இறங்கினோம். தலகுலி விற்கும் கடை வாசலில் நின்று, எள்ளுருண்டை ஒன்றை வாங்கித் தான் மட்டும் தின்றாள். எனக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை. பிறகு கேட்டாள்:

"றக்வான மஹத்தயாக்கு என்னா சொன்னீங்க?"

"மெஷின் பழசுன்னேன். முத்திரை குத்துற கைக்கு வெளங்காதுன்னேன்."

"எல்லாரும் கேக்கவா?"

"ஆமா."

"அவரு சொன்னதுதான் சரி. அவர வைஞ்சுட்டு, எங்கிட்ட வந்து சொல்றீங்க." அவள் குரல் உடைந்தது அப்போதுதான். "நேர்ல போய் சொல்லுங்க. போன்ல சொல்லாதீங்க."

அடுத்த ஞாயிறு, ரத்தினபுரியில் பஸ் மாறி றக்வானைக்குப் போனேன். அவர் என்னை உட்கார வைத்து, எல்லாவற்றையும் கேட்டு முடித்து, "ட்ரையர்" என்று ஒரு தரம் சொன்னார். சிரிக்கவில்லை. மகளைப் பற்றித்தான் விசாரித்தார். புரோகிராமை அவள்தான் எழுதினாளா, உண்மையாகவே அவளேதானா என்று இரண்டு தரம் கேட்டார்.

அவளுக்கு முதல் வகுப்பு வரவில்லை. கொஞ்சத்தில் தவறிவிட்டது என்று அவளுடைய ஆசிரியர் சொன்னாராம். ஆய்வின் முடிவே சரிந்துபோனதால் அந்தப் புள்ளி குறைந்தது. நான் அந்த இரண்டு வாரத்துக்குள் சொல்லியிருந்தால், சிறிய முன்னேற்றத்தைச் சிறிய முன்னேற்றமாகவே சொல்லும் நல்ல ஆய்வொன்றை அவள் எழுதியிருப்பாள். விரிவுரையாளர் வேலை வேறொருவருக்குப் போனது. இதில் விதியின் பங்கு ஒன்றும் கிடையாது. என் பங்குதான். அவள் கொழும்பில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். நன்றாக இருக்கிறாள். அவள் விரும்பியது அதை அல்ல.

ஆனாலும் அவளை நினைத்து நான் நிமிர்ந்துதான் நடக்கிறேன். பட்டமளிப்பைக் காட்டிலும், அந்த அறைக்குள் போய், கேட்கும் முன்பே பிழை என்று சொன்னாளே, அதை நினைத்துத்தான்.

அவள் வேலைக்குப் போன மறுவருடம் தபாலில் ஒரு டிஸ்க் வந்தது. புதிய பதிப்பு. கூட ஒரு துண்டும் இல்லை. என்னிடம் இனி அனுப்பமாட்டாள் என்றே நினைத்திருந்தேன். இரண்டு நாள் அதைத் தொடவில்லை. பிறகு ஓட்டினேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மூடினேன், திறந்தேன். ஞாயிறு காலை அவள் பேசினாள்.

"ஓட்டுனீங்களா?"

"ஓட்டுனேன்."

"எப்படி?"

நல்ல சேதி எதுவும் என்னிடம் இல்லை. "முந்தினதவிட மெதுவா இருக்கு புள்ள. ரெண்டு நிலையில கண்டுபுடிச்சிட்டு, அப்புறம் விட்டுட்டு வேற எதுக்கோ போயிருச்சு. அது செல்லாதுன்னு போட்டுட்டேன்."

அந்தப் பக்கம் பேனா தேடும் சத்தம் கேட்டது.

"சரி. ஒவ்வொண்ணா சொல்லுங்க" என்றாள். "முதல் ஓட்டத்துலருந்து."